பார்னி வீலென்: மைல்ஸ் டேவிஸின் பக்கத்தில் நின்ற அந்த இருபது வயது சாக்ஸபோன்காரர்

கேள்வி இது: லூயி மால் இயக்கிய ‘தூக்குமேடைக்கு லிஃப்ட்’ என்ற பிரெஞ்சுப் படத்துக்கு அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வாசித்த இசையைக் கேட்டேன், அதில் சாக்ஸபோன் வாசிப்பவர் யார், பிறகு ஏன் அவர் பெயர் அடிபடவில்லை, சொந்தமாக இசையமைத்தாரா, எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அவர் பெயர் பார்னி வீலென். 1937 மார்ச் 4 அன்று தெற்கு பிரான்ஸின் கடற்கரை நகரமான நீஸில் பிறந்தார். 1996 மே 25 அன்று பாரிஸில் புற்றுநோயால் இறந்தார். பெயர் அடிபடாமல் போனதற்குக் காரணம், அவர் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மைல்ஸோடு வாசித்த புகழை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் பிழைத்திருக்கலாம். அவரோ பத்தே ஆண்டுகளில் கார்ப் பந்தய இரைச்சலுக்கு நடுவே வாசித்துக்கொண்டிருந்தார்; அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஆப்பிரிக்காவில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஜாஸ் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு இப்படிப்பட்டவர்களை எந்த அத்தியாயத்தில் வைப்பதென்று தெரிவதில்லை. ஆகவே முதல் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அவருடைய பாதை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தாவல்களாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே வேலையைத்தான் அவர் வெவ்வேறு விதமாகச் செய்துபார்த்தார் என்று நினைக்கிறேன். தனக்குச் சற்றும் வளைந்துகொடுக்காத ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு வாசிப்பதே அந்த வேலை. திரையில் ஓடும் படம், பந்தயக் கார், கிராமத்தில் எடுத்த ஒலிப்பதிவு, ஒரு சித்திரக்கதை என்று எதிரே இருந்த பொருள்தான் மாறிக்கொண்டே வந்தது.

அப்பா அமெரிக்கர், பல் மருத்துவர், அம்மா பிரெஞ்சுக்காரர். இரண்டாம் உலகப் போரின்போது குடும்பம் அமெரிக்காவில் இருந்தது; போர் முடிந்ததும் நீஸுக்குத் திரும்பியது. அம்மாவின் நண்பர்களில் ஒருவர் கவிஞர் பிளேய்ஸ் சாந்த்ரார். உலகத்தைச் சுற்றியவர், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். இசைக்கலைஞனாகிவிடு என்று பையனை ஊக்கியவர் அவர்தான். பதின்ம வயதிலேயே நீஸின் கிளப்புகளில் வாசிக்கத் தொடங்கிய பார்னி, 1950-களின் நடுவில் பாரிஸுக்குப் போனார்.

அன்றைய பாரிஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சேன் ஆற்றின் இடது கரையில், சென்-ழெர்மேன் பகுதியின் நிலவறைக் கிளப்புகளில் இரவு முழுவதும் ஜாஸ் ஒலித்த காலம் அது. அமெரிக்காவின் நிறவெறியும் வேலையில்லாத் திண்டாட்டமும் சலித்துப்போன கறுப்பினக் கலைஞர்கள் பாரிஸுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணிக்கு டிரம்ஸ் மொழியை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான கென்னி கிளார்க் 1956-ல் அங்கேயே குடியேறினார். பியானோ கலைஞர் பட் பவல் 1959-ல் வந்தார். உள்ளூர் இளைஞர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! நியூயார்க்கில் இருந்திருந்தால் வரிசையில் நின்றாலும் கிடைக்காத மேதைகள், பாரிஸில் ஒவ்வோர் இரவும் பக்கத்தில் நின்று வாசித்தார்கள். ஜாஸைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளும் வழக்கமே இல்லாத நாளில், க்ளப் சென்-ழெர்மேன் என்ற அந்த நிலவறைதான் பார்னியின் குருகுலம்.

1956 டிசம்பரில் மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டின் பியானோ கலைஞர் ஜான் லூயிஸ், பிரெஞ்சு கிட்டார் கலைஞர் சாஷா திஸ்தெலோடு சேர்ந்து ‘பாரிஸில் ஒரு பிற்பகல்’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் பத்தொன்பது வயது பார்னி. அடுத்த மாதமே ‘டில்ட்’ என்ற பெயரில் தன் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்தார். அந்தப் பதிவில் அமெரிக்க பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் பாடல்கள் பல இருக்கின்றன. இன்றைக்கு மங்க்கை வாசிக்காத ஜாஸ் மாணவர் இல்லை. 1957 தொடக்கத்தில் நிலைமை வேறு. மங்க்கின் பாடல்களை மட்டுமே கொண்டு ஸ்டீவ் லேஸி இசைத்தட்டு பதிவுசெய்ததுகூட 1958-ல்தான். மங்க்கின் கோணல்மாணலான மெட்டுகளைப் பலரும் புதிராகப் பார்த்த நேரத்தில், அவை தன் வீட்டுப் பாடல்கள் என்பதுபோல் ஒரு நீஸ் பையன் பதற்றமில்லாமல் வாசிக்கிறான். தொனி மென்மையானது, மூத்த சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் வழி வந்தது. சொற்றொடரை வெட்டி நிறுத்தும் துணிச்சலில் மட்டும் சோனி ராலின்ஸின் சாயல் தெரியும்.

இனி நீங்கள் கேட்ட படம். 1957 நவம்பர் இறுதியில் மைல்ஸ் டேவிஸ் தனியாக ஐரோப்பா வந்தார். அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் பாரிஸிலேயே ஒரு குழு அமைக்கப்பட்டது: பியானோவில் ரெனே உர்த்ரெழே, பேஸில் பியேர் மிஷ்லோ, டிரம்ஸில் கென்னி கிளார்க், டெனரில் பார்னி. நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் மார்செல் ரொமானோ வழியாகப் பட வாய்ப்பு வந்தது. இயக்குநர் லூயி மாலுக்கு அப்போது இருபத்தைந்து வயது. இதுதான் அவருடைய முதல் கதைப்படம். டிசம்பர் 4-ஆம் தேதி இரவு போஸ்ட் பரீஸியென் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். எழுதிவைத்த இசைக்குறிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மைல்ஸ் கையில் சில சுரவரிசைகள் இருந்தன. படத்தின் காட்சிகளைத் திரையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். அதைப் பார்த்தபடி மனோதர்மமாக வாசித்தார்கள். விடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்த இசையில் பார்னியின் பங்கு அளவில் சிறியது. ழான் மொரோ இரவில் பாரிஸ் தெருக்களில் காதலனைத் தேடி அலையும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில் ஊதுகருவி என்று நீங்கள் கேட்பது மைல்ஸின் டிரம்பெட் மட்டுமே. காவலாளி லிஃப்ட் பக்கம் வரும் காட்சியில் பேஸும் டிரம்ஸும் மட்டும். பார்னியைக் கேட்க வேண்டுமானால் ‘நெடுஞ்சாலையில்’ என்ற துரித கதிப் பகுதிக்குப் போங்கள். ஒலியை அடக்கும் மியூட் செருகிய டிரம்பெட்டில் மைல்ஸ் சீறிக்கொண்டு போன பிறகு டெனர் நுழைகிறது. கென்னி கிளார்க் பிரஷ்ஷால் அடிக்கும் அந்த வேகத்தில் எந்த இளைஞனும் சுரங்களை வாரி இறைத்துத் தன் திறமையைக் காட்டத்தான் பார்ப்பான். பார்னி குரலை உயர்த்தாமல், தாளத்துக்குச் சற்றே பின்னால் சாய்ந்து, நீளமான வாக்கியங்களாகப் பேசிவிட்டு விலகிக்கொள்கிறார். திரையில் ஓடுவது திருட்டுக் கார். அதை முந்த வேண்டிய அவசியம் இசைக்கு இல்லை என்பது அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த இரவு மைல்ஸுக்கு என்ன கொடுத்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். கோர்டுகளின் அடுக்கை உதறிவிட்டு ஒரே ஸ்கேலில் நீண்ட நேரம் நிற்கும் அந்தப் போக்கு 1959-ன் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வுக்கு இட்டுச் சென்றது என்பார்கள், அதை நானும் ஏற்கிறேன். பார்னிக்கு என்ன கொடுத்தது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. படம் இசையைக் கேட்காது, இசைக்காக நிற்காது, திரும்பிப் பார்க்காது. அப்படிப்பட்ட ஒன்றோடு எப்படிச் சேர்ந்து வாசிப்பது என்ற பாடத்தை அவர் அங்கே எடுத்துக்கொண்டார். பிறகு அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பாடம் இருக்கிறது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் அவருக்குப் பொற்காலம். 1958-ல் ‘ஜாஸ் சுர் சேன்’ வந்தது. ஜாங்கோ ரைன்ஹார்ட், ஷார்ல் த்ரெனே போன்றவர்களின் பிரெஞ்சு மெட்டுகளை எடுத்து பார்னி வாசிக்க, பியானோவில் இருப்பவர் மில்ட் ஜாக்சன்! உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனுக்காக உலகம் அறிந்த மனிதர், வைப்ரஃபோனை மூடிவைத்துவிட்டு இந்தத் தட்டு முழுவதும் பியானோ வாசிக்கிறார். பெர்ஸி ஹீத், கென்னி கிளார்க் இருவரோடு செனகலைச் சேர்ந்த தாளக் கலைஞர் கானா ம்போவும் சில பாடல்களில் உண்டு. பார்னியின் பதிவுகளில் மிகவும் சந்தோஷமானது இது.

1959-ல் எதுவார் மொலினாரோ இயக்கிய ‘ஊரில் ஒரு சாட்சி’ என்ற குற்றப்படத்துக்கு பார்னியே இசையமைத்தார். இருபத்திரண்டு வயது. கதை எளியது: கொலை செய்துவிட்டு வெளியே வரும் ஒருவனை (லினோ வெந்துரா) ஒரு டாக்ஸி ஓட்டுநர் பார்த்துவிடுகிறார், கொலைகாரன் ஓட்டுநரைத் தேடுகிறான், கடைசியில் பாரிஸின் ரேடியோ டாக்ஸிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அவனைத் துரத்துகின்றன. கென்னி டார்ஹம் டிரம்பெட்டும் டியூக் ஜோர்டன் பியானோவும் வாசித்திருக்கிறார்கள். மைல்ஸின் இசை மனநிலையை வரைந்தது என்றால், பார்னியின் இசை தெருவை வரைகிறது. சிறுசிறு மெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, வேலை முடிந்ததும் நிறுத்தம். மைல்ஸின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசத் தகுந்த இசை இது என்பது என் உறுதியான எண்ணம். டார்ஹமும் ஜோர்டனும் சேர்ந்து க்ளப் சென்-ழெர்மேனில் அவரோடு வாசித்த நேரடிப் பதிவு ‘பார்னி’ என்ற பெயரில் அதே ஆண்டு ஆர்.சி.ஏ. வெளியீடாக வந்தது. டிரம்ஸில் இருபது வயதே ஆகியிருந்தவரும் பின்னாளில் ஐரோப்பாவின் முன்னணிக் கலைஞரானவருமான சுவிட்சர்லாந்துக்காரர் தானியேல் யுமேர்.

அதே ஆண்டு அமெரிக்கா. நியூபோர்ட் விழாவில் வாசித்தார். ஜூலை 27 அன்று நியூயார்க்கில், ரோழே வாதிமின் ‘ஆபத்தான உறவுகள்’ படத்துக்காக மங்க் நடத்திய ஒலிப்பதிவில், சார்லி ரவுஸுக்குப் பக்கத்தில் இரண்டாவது டெனராக நின்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் யாருடைய மெட்டுகளைத் தேடிப்பிடித்துப் பதிவுசெய்தாரோ, அதே மங்க்கின் முன்னால்! அந்த நாடாக்கள் மார்செல் ரொமானோவின் சேகரத்தில் கிடந்து, 2017-ல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. அதே படத்துக்கு டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெஸஞ்சர்ஸ் குழு வாசித்த பகுதியிலும் பார்னி இருக்கிறார். அந்தப் பகுதியின் முக்கிய மெட்டான ‘நோ ப்ராப்ளம்’ டியூக் ஜோர்டன் எழுதியது. ஆனால் படம் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. வேறொரு பெயர் இருந்தது. ஜோர்டனுக்குச் சேர வேண்டிய பணமும் பெயரும் அப்படிப் பறிபோயின. ஜாஸின் வரலாற்றில் இந்த மாதிரி அநியாயம் ஏராளம். பின்னாளில் பார்னி இந்த மெட்டை விடாமல் வாசித்துவந்தார். அந்த டிசம்பரில் பாரிஸின் ஷான்ஸ்-எலிசே அரங்கில் பிளேக்கியின் மேடையில் பட் பவலோடும் வேய்ன் ஷார்ட்டரோடும் அவர் வாசித்த பதிவும் கிடைக்கிறது.

1960-களின் தொடக்கத்தில் பதிவுகள் அருகிப் போயின. உலகமும் மாறிக்கொண்டிருந்தது. ராக் இசை இளைஞர்களை இழுத்துக்கொண்டது; ஜாஸுக்குள்ளேயே ஆர்னெட் கோல்மன், ஆல்பர்ட் அய்லர் போன்றவர்கள் சுதியையும் தாளக்கட்டையும் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பார்னியின் வயதுக்காரர்கள் பலர் இதை வெறுத்தார்கள், சிலர் இசைப்பதையே விட்டார்கள். அவர் 1966-ல் ‘ஸோடியாக்’ என்ற தட்டோடு அந்தப் பக்கம் போய் நின்றார். வைப்ரஃபோனில் கார்ல் பெர்கர், பேஸில் ழான்-பிரான்சுவா ஜென்னி-கிளார்க், டிரம்ஸில் ழாக் தொலோ. பன்னிரண்டு ராசிகளின் பெயரில் அமைந்த சுதந்திர ஜாஸ். கூச்சல் இல்லாத, காற்றோட்டமுள்ள இசை. சுதந்திர ஜாஸ் என்றாலே காதைப் பொத்திக்கொள்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

அடுத்ததுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமான வேலை. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 1967 மே 7, மொனாக்கோ கிராண்ட் பிரீ. நீஸிலிருந்து கூப்பிடு தூரம். பந்தயத்தின் ஒலி டேப்பில் பதிவாகிக்கொண்டிருந்தது. மொத்தம் 100 சுற்று. 82-ஆவது சுற்றில், இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்த இத்தாலிய வீரர் லொரென்ஸோ பாண்டினியின் ஃபெராரி துறைமுகத்துக்கு அருகே உள்ள வளைவில் தடம் மாறிக் கவிழ்ந்து தீப்பிடித்தது. ஓரத்தில் பாதுகாப்புக்கென்று அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகள் தீயை இன்னும் வளர்த்தன. மூன்று நாட்களுக்குப் பிறகு பாண்டினி இறந்தார். வயது முப்பத்தொன்று. அடுத்த ஆண்டிலிருந்து மொனாக்கோவில் சுற்றுகளின் எண்ணிக்கை 80 ஆகக் குறைக்கப்பட்டது. வைக்கோல் கட்டுகளும் கைவிடப்பட்டன.

அந்த ஒலிநாடாவை எதிரே ஓடவிட்டு பார்னி ஒரு நால்வர் குழுவோடு வாசித்ததுதான் ‘ஆட்டோ ஜாஸ்: லொரென்ஸோ பாண்டினியின் துயர முடிவு’. 1968-ல் ஜெர்மனியின் எம்.பி.எஸ். நிறுவனம் வெளியிட்டது. பியானோவில் பிரான்சுவா தூஸ்க், பேஸில் பெப் கெரென், டிரம்ஸில் எடி கோமோன். பகுதிகள் பந்தயத்தின் போக்கிலேயே நகர்கின்றன: காத்திருப்பு, புறப்பாடு, அரச குடும்பம் அமரும் மேடை, கொண்டை ஊசி வளைவு. கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பந்தயக் கார் நெருங்கும்போது சுருதி ஏறி, கடந்து போகும்போது சட்டென்று இறங்கும். அந்த இறக்கம் எந்த சுரத்திலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். சாக்ஸபோனால் அந்த வழுக்கலைச் செய்ய முடியும், பியானோவால் முடியாது. ஆகவே சாக்ஸபோன் காரின் இனத்தில் சேர்ந்துகொள்கிறது. பியானோ பாதை ஓரத்து மனிதர்களின் பக்கம் நின்றுவிடுகிறது. எஞ்சின் ஒலியை மிமிக்ரி செய்யும் மலிவான வேலை எங்கும் இல்லை. கார் கடந்துபோன இடைவெளியில் என்ன நினைவு வருகிறதோ அதைத்தான் வாசிக்கிறார்கள். நாடாவில் வரும் ஒவ்வொரு காரும் யாராவது ஒருவர் உயிரைப் பணயம் வைத்து ஓட்டியது, அதில் ஒருவர் திரும்பவில்லை என்பது கேட்பவருக்கு முதலிலேயே தெரியும். அந்த அறிவுதான் இசையின் ஆதார சுருதி. மரணத்தை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. முழுவதும் கேட்ட ஒருவர் அப்படிச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. இது ஒப்பாரியின் குடும்பத்தைச் சேர்ந்த இசை.

திரைப்படம் இருந்த இடத்தில் இப்போது ஒலிநாடா. வாசிக்கும் முறையோ 1957 டிசம்பரில் கற்றதேதான்.

அந்த நாட்களில் இன்னும் இரண்டு பதிவுகள். ஜெர்மானிய விமர்சகரும் தயாரிப்பாளருமான யோவாகிம்-எர்ன்ஸ்ட் பெரென்ட், ஜாஸை உலகின் பிற இசைகளோடு சந்திக்கவைக்கும் ஒரு வரிசையை நடத்திவந்தார். அதில் 1967-ல் பதிவான ‘ஜாஸ் மீட்ஸ் இந்தியா’வில் சிதார் கலைஞர் தேவான் மோதிஹார், தபலா கலைஞர் கேசவ் சாத்தே ஆகியோரோடு, சுவிட்சர்லாந்தின் ஈரீன் ஷ்வைட்ஸர் மூவர் குழுவும் மான்ஃபிரெட் ஷோஃபும் பார்னியும் வாசித்தார்கள். இந்திய இசை என்றால் ஊதுபத்திப் புகை என்று மேற்குலகம் நினைத்த காலத்தில், இதில் இரண்டு தரப்பும் தத்தம் இலக்கணத்தை விட்டுக்கொடுக்காமல் மோதிப் பார்க்கின்றன. எல்லா இடத்திலும் ஒட்டவில்லை. ஒட்டாத இடங்களை மறைக்காமல் விட்டிருப்பதே அதன் நேர்மை. இன்னொன்று 1968-ன் ‘டியர் புரொஃபஸர் லியரி’. பீட்டில்ஸ் பாடலும் ஓட்டிஸ் ரெடிங்கின் பாடலும் ஆர்னெட் கோல்மனின் மெட்டும் ஒரே தட்டில். இரண்டு டிரம்ஸ்காரர்கள், ஒருவர் ஜாஸ், ஒருவர் ராக். அந்தக் காலத்தின் வேகம் அதில் இருக்கிறது. ஆனால் அதன் சில பகுதிகளுக்கு வயதாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

1968 மே மாதப் பாரிஸ் எழுச்சியின் புகைப்படம் ஒன்று உலகப் புகழ்பெற்றது: ஊர்வலத்தில் ஒருவர் தோளில் அமர்ந்து கொடி பிடித்திருக்கும் இளம்பெண். அவர் கரோலின் தெ பெந்தர்ன். அந்தப் படத்தைப் பார்த்த கோடீஸ்வரத் தாத்தா அவருக்குச் சொத்தில் பங்கில்லை என்று சொல்லிவிட்டார். கரோலினும் பார்னியும் ஒரு சிறு குழுவோடு, ஒளிப்பதிவுக் கருவிகளையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு, 1970-ஐ ஒட்டி ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் பிக்மி மக்களின் இசையைப் பதிவுசெய்வது நோக்கம். திட்டம் வழியிலேயே கலைந்தது. அல்ஜீரியா, நைஜர், மாலி, இன்று புர்கினா ஃபாஸோ எனப்படும் அப்பர் வோல்டா, செனகல் என்று பயணம் நீண்டது. பணம் தீர்ந்தது, கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். சேர்ந்துகொண்டே போனவை ஒலிநாடாக்கள்தான்.

திரும்பி வந்து பாரிஸில் உருவாக்கிய இரட்டைத் தட்டுதான் ‘மோஷி’. 1972-ல் பியேர் பாரூவின் சரவா நிறுவனம் வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத விநோதங்களுக்கு அடைக்கலம் தந்த நிறுவனம் அது. பிரிஜித் ஃபொந்தேனும் ஆர்ட் ஆன்சாம்பிள் ஆஃப் ஷிகாகோவும் சேர்ந்து பதிவுசெய்ததும் அங்கேதான். ‘மோஷி’யில் கிராமத்துப் பாட்டும், பேச்சும், கைதட்டலும், சந்தை இரைச்சலும் வருகின்றன, அவற்றின் நடுவிலிருந்து மின்கிட்டாரும் மின்பியானோவும் டிரம்ஸும் எழுகின்றன, அதன் மேல் சாக்ஸபோன். களத்தில் எடுத்த குரல்களைத் தாளத்துக்கு ஏற்ப நறுக்கித் தூவும் பழக்கம் பின்னாளில் பெருகியது. பார்னி அதைச் செய்யவில்லை. ஒரு பெண் பாடும் பாட்டு முடியும்வரை காத்திருக்கிறார். அது முடிந்த சுருதியில் தொடங்குகிறார். சில இடங்களில் வாசிக்காமலே விட்டுவிடுகிறார். இசைத்தட்டில் தன் பெயர் பெரிதாக இருந்தும் தன் வாத்தியத்தை இவ்வளவு நேரம் கீழே வைத்த சாக்ஸபோன் கலைஞர்கள் குறைவு. எடுத்த ஒலிகளின் சொந்தக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அந்தக் காலத்தின் இத்தகைய எல்லாப் பதிவுகளையும் போல இதையும் தொடரும், தொடரத்தான் வேண்டும். விற்பனையில் தட்டு எடுபடவில்லை. பிறகு சேகரிப்பாளர்கள் துரத்தி வாங்கும் அபூர்வப் பொருளாகிவிட்டது.

‘சொந்தமாக இசையமைத்தாரா’ என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் சொல்ல முடியும். டியூக் ஜோர்டனைப் போல, ஊரெல்லாம் எடுத்து வாசிக்கும் மெட்டுகளை பார்னி எழுதவில்லை. மெட்டு எழுதுபவர் மட்டுமே இசையமைப்பாளர் என்று வைத்துக்கொண்டால் அவர் இரண்டாம் வரிசையில்தான் வருவார். ஆனால் எந்த ஒலிக்கு அருகில் எந்த ஒலியை வைப்பது, எப்போது நுழைவது, எப்போது ஒதுங்குவது என்று முடிவெடுப்பதும் இசையமைப்புதான். அந்த வகையில் ‘ஆட்டோ ஜாஸ்’, ‘மோஷி’ இரண்டும் முழு அர்த்தத்தில் அவருடைய படைப்புகள்.

அதன் பிறகு நீண்ட இடைவெளி. பெரும்பாலும் தெற்கே கடற்கரைப் பக்கம் இருந்தார். பங்க் ராக் இளைஞர்களோடு சேர்ந்து வாசித்தார். பாரிஸ் அவரை மறந்துவிட்டது.

அவரைத் திரும்பக் கூட்டிவந்தது ஒரு சித்திரக்கதை. ஓவியர் லூஸ்தாலும், ராக் இசை இதழாளராக அறியப்பட்ட பிலிப் பாரிங்கோவும் சேர்ந்து ‘பார்னியும் நீல சுரமும்’ என்ற கதையை 1980-களின் நடுவில் ஒரு மாத இதழில் தொடராக வெளியிட்டார்கள். 1987-ல் காஸ்தர்மான் நிறுவனம் நூலாக்கியது. 1950-களின் சாக்ஸபோன் கலைஞன் ஒருவன், பெண்கள், போதை, பயணம், தொலைந்துபோதல், இறுதியில் மரணம். நாயகனின் பெயர் பார்னி. பேச்சுக் குமிழிகளே கிடையாது. ஓவியத்துக்குக் கீழே மங்கலான, விலகி நின்ற வாக்கியங்கள். உயிரோடிருக்கும் ஒருவரின் வாழ்க்கையை வைத்து எழுதி, அவரைச் சாகடித்தும் விட்ட கதை. வேறொருவராக இருந்தால் கொதித்துப்போயிருப்பார். பார்னி அந்தக் கதைக்கு இசை அமைத்தார்!

‘லா நோத் ப்ளூ’ (நீல சுரம்) என்ற அந்தத் தட்டு ஐ.டி.ஏ. நிறுவனத்திலிருந்து 1987-ல் வந்தது. உறையில் லூஸ்தாலின் ஓவியம். குவாதலூப் தீவைச் சேர்ந்த அலென் ழான்-மாரி பியானோ, ரிக்கார்தோ தெல் ஃப்ரா பேஸ், சங்கோமா எவரெட் டிரம்ஸ், பிலிப் பெத்தி கிட்டார். ‘பெஸாமே மூச்சோ’, ‘ஹார்லம் நாக்டர்ன்’ போன்ற, ஆயிரம் ஹோட்டல் வரவேற்பறைகளில் தேய்ந்துபோன மெட்டுகள்தான். டியூக் ஜோர்டனின் ‘நோ ப்ராப்ளம்’ இதிலும் இருக்கிறது. ஆனால் டெனரின் குரல் மாறிவிட்டது. இருபது வயதில் இருந்த மெருகு போய், ரீடுக்கும் உதட்டுக்கும் நடுவே கசியும் மூச்சு சுரத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஒவ்வொரு சுரத்தின் விளிம்பிலும் அந்த மூச்சுச் சத்தம் கேட்கும்; ஒலிப்பதிவாளரும் அதைத் துடைக்கவில்லை. தான் இறந்துவிட்டதாக எழுதப்பட்ட கதைக்கு, மூச்சு விடுவது தெளிவாகக் கேட்கும்படி வாசித்திருக்கிறார்.

தட்டு வெற்றி பெற்றது. கடைசிப் பத்து ஆண்டுகளில் பார்னி மளமளவென்று பதிவுசெய்தார். பிரெஞ்சு மக்கள் மனப்பாடமாகப் பாடும் பழைய பாடல்களை வைத்து ‘ஃபிரெஞ்ச் பாலட்ஸ்’. பியானோ கலைஞர் மால் வால்ட்ரனோடு பிரெஞ்சுத் திரைப்பட மெட்டுகள். பெல்ஜியத்தின் கிட்டார் கலைஞர் பிலிப் கத்ரீனோடு, டிரம்ஸே இல்லாமல், 1991-ல் ‘சாங்க்ச்சுவரி’. அலென் ழான்-மாரியோடு இருவர் மட்டும் வாசித்த நேரடிப் பதிவு. ஜப்பானில் அவருக்கென்று ஒரு ரசிகர் கூட்டம் உருவாகி, அங்குள்ள நிறுவனங்கள் தட்டுக்கு மேல் தட்டு கேட்டன. அவற்றில் சில ஒரே நிறத்தில் இருக்கும். மெதுவான காதல் பாடல்களையே வாங்குபவர்கள் விரும்பினார்கள். அதில் விதிவிலக்கு 1994-ல் கென்னி பாரன், ஐரா கோல்மன், லூயிஸ் நாஷ் ஆகியோரோடு பதிவான ‘நியூயார்க் ரொமான்ஸ்’. பாரனின் பியானோ அவரைச் சோம்பவிடாமல் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் பார்னி போய்விட்டார். ஐம்பத்தொன்பது வயது.

எங்கிருந்து தொடங்கலாம்? படத்தின் இசையை ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள் என்பதால், முதலில் ‘ஜாஸ் சுர் சேன்’ கேளுங்கள். பிறகு ‘ஊரில் ஒரு சாட்சி’. முடிந்தால் படத்தையும் பாருங்கள். மூன்றாவதாக நேரே ‘லா நோத் ப்ளூ’வுக்குத் தாவிவிடுங்கள். நடுவிலுள்ள முப்பது ஆண்டுகளில் குரல் எப்படி மாறியது என்று காதே சொல்லிவிடும். அந்த மாற்றம் எங்கே நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் வந்த பிறகு ‘ஸோடியாக்’, ‘ஆட்டோ ஜாஸ்’, ‘மோஷி’ மூன்றையும் இதே வரிசையில் கேட்கலாம். ‘ஆட்டோ ஜாஸ்’ மட்டும் ஹெட்ஃபோனில், ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல். ‘மோஷி’ இரட்டைத் தட்டு என்பதால் ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். அதன் பழைய பதிப்புக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள்; மறுபதிப்பு வந்துவிட்டது, அதன் ஒலியும் நன்றாகவே இருக்கிறது.